நான்காவது ஷாக்: அதே இடத்திலா, இடம் மாற்றியா, இரண்டு கருவியோடா?

வீட்டிலோ கடைத்தெருவிலோ ஒருவரின் இதயம் திடீரென நின்றுபோகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. மூன்று முறை ஷாக் கொடுத்தாகிவிட்டது, இதயம் வழிக்கு வரவில்லை. அடுத்து என்ன? அண்மைக்காலம் வரை இதற்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரே பதில்தான். அதே இடத்தில் ஒட்டிய, மின்சாரம் பாய்ச்சும் அதே பேட் வழியாக நான்காவது ஷாக், இரண்டு நிமிடம் நெஞ்சை அழுத்தும் சிபிஆர், பிறகு ஐந்தாவது ஷாக், நடுநடுவே அட்ரினலின், அமியோடரோன் என்ற மருந்துகள். இப்போது இன்னும் இரண்டு வழிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, பேட்களின் இடத்தை மாற்றி, மின்சாரம் மார்பிலிருந்து முதுகுக்குப் போகும்படி செய்வது. மற்றது, ஷாக் கொடுக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டரை இரண்டாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு ஷாக் கொடுப்பது.

எதைத் தேர்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆம்புலன்ஸ் சேவையை நடத்துபவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் மருத்துவர்களும்தான். ஆனால் தரையில் கிடப்பது நம் வீட்டு ஆளாக இருக்கக்கூடும் என்பதால், இந்த வாதம் என்னவென்று நாமும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓர் எல்லையைப் போட்டுக்கொள்வோம். இது எல்லா இதய நிறுத்தத்தையும் பற்றிய பேச்சு அல்ல. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. அந்த ஆள் வலியோடு நம்மிடம் பேசிக்கொண்டுகூட இருப்பார். இதயம் நின்றுபோனவர் பேச மாட்டார், நாடி இருக்காது, மூச்சு நின்றுவிடும் அல்லது விட்டுவிட்டு இழுக்கும். அப்படி நின்றவர்களிலும் எல்லோருக்கும் ஷாக் உதவாது. திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுத்து ஆளை எழுப்புவது சினிமாவில் மட்டும்தான். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டு, ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் தவிக்கும் நிலை ஒன்று உண்டு. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பதைச் சுருக்கி மருத்துவர்கள் வி.எஃப். என்பார்கள். ஷாக்குக்கு முதன்மையான வேலை அங்கேதான். அந்த நடுக்கத்தை ஒரே அடியில் நிறுத்தி, இதயத்தின் சொந்தத் துடிப்பு மறுபடி தலைதூக்க இடம் கொடுக்கிறது.

வி.எஃப்.பில் நேரம்தான் எல்லாம். சுற்றி இருப்பவர்கள் சிபிஆர் செய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது நெடுநாள் கணக்கு. சிபிஆர் நடந்தால் அந்தச் சரிவு 3, 4 சதவீதமாகக் குறையும். பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1966இல் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றியதே இந்த அவசரத்தால்தான். 70 கிலோ எடை, கார் பேட்டரியில் ஓட்டம். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலர்களுக்கு, தானாகத் துடிப்பை அலசி ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொடுத்துப் பழக்கிய ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. ஆள் விழுந்ததைப் பார்த்து 3 நிமிடத்துக்குள் ஷாக் கொடுத்த இடங்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். இதைவிடப் பெரிய லாபத்தை இனி நான் சொல்லப்போகும் எந்த உத்தியும் தராது. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். இங்கே பேசுவது முதல் ஷாக் நேரத்துக்குக் கிடைத்தும் கிடைக்காமலும் மூன்று முறை தோற்றுப்போன பிறகு வரும் கட்டத்தை.

ஷாக் ஏன் தோற்கிறது?

பேட் வழியாகச் செலுத்தும் மின்சாரத்தில் இதயத்தைத் தொடுவது மிகச் சிறிய பங்கு. மனிதர்களிடம் அளந்து பார்த்தபோது சுமார் 4 சதவீதம் என்று வந்தது. மீதியெல்லாம் மார்புத் தசை, விலாவின் இடைவெளி, நுரையீரல் என்று இதயத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

வழக்கமான அமைப்பில் ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்தில். இந்த இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து விலகி, முதுகுப்பக்கமாக ஒதுங்கியிருப்பது இடது கீழறையின் பின்பகுதி. மின்னழுத்தம் அங்கே மிகக் குறைவாகவே போய்ச் சேர்கிறது. எங்கே வலு குறைகிறதோ அங்கிருந்துதான் நடுக்கம் மறுபடி கிளம்புகிறது. வயலில் ஒரே மடையைத் திறந்துவைத்தால் கடைக்கோடிப் பாத்தி காய்ந்துதான் கிடக்கும்; தண்ணீரைக் கூட்டிப் பார்ப்பதைவிட வேறு பக்கம் ஒரு மடை வெட்டுவது மேல். பேட்டை இடம் மாற்றும் யோசனையின் சாரம் இவ்வளவுதான்.

தண்ணீரைக் கூட்டிப் பார்க்காமலும் இல்லை. கனடாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவுக்கு எல்லா ஷாக்கும் 150 ஜூல் ஆற்றலில். மற்றதற்கு 200, 300, 360 என்று ஏறிக்கொண்டே போனார்கள். ஒன்றுக்கு மேல் ஷாக் தேவைப்பட்டவர்களில், ஏறுவரிசைப் பிரிவில் வி.எஃப். அதிகமாக நின்றது. உயிர் பிழைப்பதில் வேறுபாடு தென்படவில்லை.

ஒன்டாரியோவில் நடந்தது

மூன்று வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 மார்ச் முதல் 2022 மே வரை நடந்தது. பெயர் டோஸ்-விஎஃப். தலைமை தாங்கியவர் டொரண்டோ சன்னிபுரூக் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஷெல்டன் செஸ்கெஸ். பீல், ஹால்டன், டொரண்டோ, சிம்கோ, லண்டன், ஒட்டாவா என்று ஆறு ஆம்புலன்ஸ் சேவைகள் பங்கெடுத்தன. லண்டன் என்றால் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன். ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் உள்ள தமிழர் வீடுகளுக்கு 911 அழைத்தால் வருவது இந்தச் சேவைகளின் வண்டிகள்தான்.

மூன்று ஷாக்கும் இடையிடையே இரண்டு நிமிட சிபிஆரும் முடிந்த பிறகும் வி.எஃப்.பிலேயே இருப்பவர்கள் மட்டும் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்கவில்லை. தரையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பவரிடம் உறையைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல முடியாதல்லவா. ஒரு சேவை முழுதும் ஆறு மாதம் ஒரு முறையைப் பின்பற்றும், பிறகு அடுத்ததற்கு மாறும். 930 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். கொரோனா வந்து ஆம்புலன்ஸ் ஊழியர் பற்றாக்குறையில் பாதியிலேயே நிறுத்தும்படி ஆனது. மொத்தம் 405 பேர்.

முடிவு 2022 நவம்பரில் வெளியானது. வழக்கமான முறையில் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர்கள் 13.3 சதவீதம். பேட் இடம் மாற்றிய பிரிவில் 21.7. இரண்டு கருவி வைத்த பிரிவில் 30.4; அதாவது 125 பேரில் 38 பேர். மூளை நன்றாக இருந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் வெளியேறியவர்கள் என்று பார்த்தால் முறையே 11.2, 16.2, 27.4 சதவீதம்.

இதய நிறுத்த ஆய்வுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் விசித்திரமாகத் தெரியும். இந்தத் துறையில் ஒரு மருந்தோ கருவியோ ஒன்றிரண்டு சதவீதம் தள்ளினாலே கொண்டாட்டம்தான். பிரிட்டனில் 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அட்ரினலின் கொடுத்தவர்களில் 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 3.2 சதவீதம், கொடுக்காதவர்களில் 2.4, மூளை நலத்தில் வித்தியாசமே இல்லை. 2016இல் வெளியான ஆய்வில் அமியோடரோனை வெறும் மருந்தற்ற ஊசியோடு ஒப்பிட்டார்கள்: உயிரோடு வீடு திரும்பியவர்கள் 24.4க்கு 21 சதவீதம். வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. அந்த இடத்தில் 13 சதவீதம் 30 ஆகிறது என்றால் மகிழ்ச்சியோடு கொஞ்சம் சந்தேகமும் வர வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமும் இருக்கிறது. பாதியில் நிற்கும் ஆய்வுகள் பலனைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் உண்டு. எந்த முறை நடக்கிறது என்று செய்பவர்களுக்குத் தெரியும், மறைக்க வழியில்லை. பேட் இடம் மாற்றியதன் பலன் நூலிழையில்தான் தேறியது. பிழைக்கும் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியது என்பதன் நம்பக எல்லை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, 1.01இல் தொடங்குகிறது; 1ஐத் தொட்டிருந்தால் வித்தியாசம் உறுதியில்லை என்று எழுதியிருப்பார்கள். மூளை நலத்தில் அந்த எல்லை 1க்குக் கீழேயே போய்விட்டது. இரண்டு கருவி முறையின் எண்கள் இதைவிடக் கெட்டியானவை. உயிர் பிழைப்பதில் 2.21 மடங்கு, எல்லை 1.33 முதல் 3.67 வரை. அதன் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய லாபம் இல்லை அது.

பேட் இடம் மாற்றுவது கைக்கு எப்படி வருகிறது

எண்ணைவிட இது முக்கியம் என்று எனக்குப் படுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கேட்பதற்கு எளிது: முன்பேட் மார்பெலும்புக்கு இடப்பக்கம், பின்பேட் முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகெலும்புக்கு ஒட்டி இடப்புறம். ஆனால் மல்லாந்து கிடக்கும் 90 கிலோ ஆளின் முதுகில் பேட் ஒட்ட வேண்டும் என்றால் அவரை ஒருக்களிக்க வேண்டும். ஒருக்களிக்கும்போது சிபிஆர் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு விநாடியும் மூளைக்குப் போகும் ரத்தம் அறுபடுகிறது.

பழகிய குழு இதை எப்படிச் செய்யும் என்றால், இரண்டாவது ஷாக் தோற்றதுமே புதிய பேட் பொட்டலத்தைக் கிழித்துத் தயாராக வைத்துக்கொள்வார்கள். அழுத்துபவரை மாற்றும் அந்த நொடியில் ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து வலப்பக்கம் உருட்டுவார், ஒருவர் ஒரு துணியால் முதுகு வியர்வையைத் துடைத்து ஒட்டுவார், திருப்பிப் போட்டதும் அடுத்தவர் அழுத்தத் தொடங்கிவிடுவார். துடைக்காமல் ஒட்டினால் பேட் வழுக்கும்; ஓரம் தூக்கிக்கொண்டால் மின்சாரம் சரியாகப் பாயாது, தோல் கருகும். இயந்திரத்தால் நெஞ்சை அழுத்தும் லூகாஸ் போன்ற கருவி வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: அதன் பலகை முதுகுக்கு அடியில் இருக்கிறது. பலகை போடுவதற்கு முன்பே பின்பேட்டை ஒட்டிவிட்டால் தலைவலி குறைவு. முடி அடர்ந்த மார்பு என்றால் முன்பேட்டுக்கு ரேஸரும் கையிலிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் வேண்டியது ஒரு கருவி, கூடுதலாக ஒரு ஜோடி பேட். அவ்வளவே. ஆளும் வண்டியும் கூடுதலாகத் தேவையில்லை.

இதே இடத்தில் ஒரு குறுக்குக் கேள்வி எழும். மூன்று ஷாக் தோற்கட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும், ஆரம்பத்திலேயே முன்னும் பின்னுமாக ஒட்டிவிட்டால் என்ன? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 255 பேரை வைத்து இதைப் பார்த்தார்கள், 2024இல் வெளியானது. முன்பின் ஒட்டியவர்களுக்கு எந்தக் கட்டத்திலாவது நாடி திரும்புவது அதிகமாக இருந்தது. வீடு திரும்பியவர்களின் கணக்கில் தெளிவான வேறுபாடு வரவில்லை. குலுக்கல் இல்லாத, பதிவேட்டைப் பார்த்து எழுதிய ஆய்வு அது. முதல் ஷாக்கை ஒரு விநாடிகூடத் தள்ளிப்போடாமல் இப்படி ஒட்டத் தெரிந்த குழு செய்யட்டும். மற்றவர்களை இதற்காக அவசரப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம், இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன், வழக்கமான இடத்திலாவது சரியாக ஒட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். இடது பேட் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் போக வேண்டியது. நடைமுறையில் அது முன்பக்கம் நழுவி, முலைக்காம்புக்கு அருகே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெண் நோயாளி என்றால் கூச்சத்தில் மார்பகத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு பேட்டும் முன்பக்கமே இருந்தால் மின்சாரம் மார்பின் மேற்பரப்போடு ஓடிவிடும். இரண்டாவது கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன் இதைத் திருத்துவது செலவில்லாத வேலை.

இரண்டு கருவி, இரண்டு வண்டி

இரட்டை ஷாக் புதிய யோசனை அல்ல. 1994இல் வெளியான ஓர் அறிக்கையில், இதய மின்னோட்ட ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வந்த 2,990 பேரில் ஐந்து பேருக்கு வழக்கமான ஷாக்குகள் எதுவும் எடுபடவில்லை; இரண்டு கருவிகளால் அடுத்தடுத்துக் கொடுத்தபோது ஐவருமே மீண்டார்கள். அது மருத்துவமனைக்குள், நிபுணர்களின் கண் முன்னால். பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் இதைக் கடைசி நம்பிக்கையாக எட்டாவது, பத்தாவது ஷாக்குக்கு எடுத்துப் பார்த்தார்கள். அப்படி வந்த பழைய பதிவேட்டு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அவ்வளவு நேரம் கழித்துச் செய்தால் எதற்குத்தான் பலன் தெரியும்? ஒன்டாரியோக்காரர்கள் நான்காவது ஷாக்கிலேயே தொடங்கியதுதான் வித்தியாசம்.

செய்யும் விதம் இது. வழக்கமான இடத்தில் ஒரு ஜோடி பேட், முன்பின்னாக இன்னொரு ஜோடி; ஒன்றை ஒன்று தொடக்கூடாது. இரண்டு கருவியும் சார்ஜ் ஆனதும் ஒரே ஆள் இரண்டு பொத்தானையும் முன்பின்னாக அழுத்துவார், நடுவில் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளி. ஒரே கணத்தில் அழுத்திவிடக் கூடாது. ஒரு கருவியின் மின்சாரம் இன்னொன்றுக்குள் பாய்ந்து பழுதாக்கக்கூடும். இரட்டை ஷாக் முயற்சியில் கருவி கெட்டுப்போனதாகப் பதிவான நிகழ்வு உண்டு. ஒன்டாரியோவில் அப்படி நடக்கவில்லை. ஆனாலும் தயாரிப்பாளர்கள் இந்தப் பயன்பாட்டை மனதில் வைத்துக் கருவியைச் செய்யவில்லை என்பதை வாங்கும் அதிகாரி மறக்கக் கூடாது.

பலன் எங்கிருந்து வருகிறது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. இரண்டு திசையிலிருந்தும் மின்சாரம் வருவதாலா, மொத்த ஆற்றல் கூடுவதாலா, முதல் ஷாக் இதயத் தசையை இளக்கிவைக்க இரண்டாவது எளிதில் முடித்துவிடுவதாலா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாம். பேட் இடம் மாற்றிய பிரிவும் பலன் காட்டியதால் திசைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிய தடை கருவி அல்ல, அது வந்து சேரும் நேரம். ஒரு வண்டியில் ஒரு டிஃபிப்ரிலேட்டர்தான் இருக்கும். இரண்டாவது கருவி வேண்டுமென்றால் இரண்டாவது வண்டி வர வேண்டும், அல்லது தீயணைப்புப் படை வர வேண்டும். டொரண்டோ போன்ற நகரத்தில் இதய நிறுத்தம் என்று அழைப்பு போனாலே ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் கிளம்பும். அங்கேயே அடுக்குமாடிகளின் கதை வேறு. டொரண்டோவிலும் பீலிலும் 2007 முதல் 2012 வரை நடந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம் பிழைத்தார்கள், மூன்றாம் மாடியும் அதற்கு மேலும் 2.6. பதினாறாம் மாடிக்கு மேல் இருந்த 216 பேரில் இரண்டே பேர். இருபத்தைந்துக்கு மேல் இருந்த 30 பேரில் ஒருவர்கூட இல்லை. முன்வாசல் பூட்டு, லிஃப்டுக்குக் காத்திருப்பது, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வசத்தில் நுழையாதது என்று நிமிடங்கள் கரைகின்றன. முதல் வண்டிக்கே இந்தக் கதி என்றால், இரண்டாவது கருவியை நம்பிக் கை கட்டி நிற்பது அபாயம். கார் நிறுத்துமிடத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஜோடிக் கால்கள் மறுபடி அதே லிஃப்டைப் பிடிக்க வேண்டும்.

கிராமப்புற வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அடுத்த ஆம்புலன்ஸ் 40 நிமிடம் தள்ளி இருக்கிறது என்றால் இரட்டை ஷாக்கைப் பற்றிப் பேசுவதே வீண். பேட்டை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

திரை சொல்லாத ஒன்று

டோஸ்-விஎஃப் தரவுகளைப் பிறகு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது வெளியே வந்த செய்தி என்னை யோசிக்க வைத்தது. ஷாக்குக்கு மசியாதவர்கள் என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பேருக்கு உண்மையில் ஷாக் வேலை செய்திருக்கிறது. வி.எஃப். நின்றிருக்கிறது, ஆனால் அடுத்த இரண்டு நிமிடத்துக்குள், சிபிஆர் நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி தொடங்கியிருக்கிறது. அழுத்தத்தின் அதிர்வு திரையில் கோடுகளைக் குழப்புவதால், அடுத்த இடைநிறுத்தத்தில் பார்ப்பவருக்கு அது நிற்கவே இல்லை போலத் தெரிகிறது. நிஜமாகவே ஒருமுறைகூட நிற்காதவர்கள் ஆறில் ஒருவர்தான்.

இது முடிவை மாற்றுமா? ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக்குக்கு அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை, அதனால் தெருவில் செய்ய வேண்டியது மாறாது. ஆனால் நின்று நின்று திரும்ப வரும் வி.எஃப்.புக்கு மின்சாரம் மட்டும் மருந்தாகாது என்பதும், இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டே கிடக்கலாம் என்பதும் மருத்துவமனையில் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அங்கிருந்துதான் நான்காவது வழி ஒன்று தலைகாட்டுகிறது. மூன்று ஷாக் தோற்றதும் அங்கேயே போராடாமல், ஆளைத் தூக்கிக்கொண்டு போய், இதயம், நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ இயந்திரத்தில் போடுவது. மினியாப்பொலிஸில் 2020இல் வெளியான சிறிய ஆய்வில் எக்மோ பிரிவின் 14 பேரில் 6 பேர் பிழைத்தார்கள், மற்றதில் 15 பேரில் ஒருவர். அதே முயற்சி நெதர்லாந்தில் பத்து மையங்களில் நடந்தபோது 2023இல் வந்த விடை எக்மோ பிரிவில் 20 சதவீதம், மற்றதில் 16; வேறுபாடு உறுதியில்லை. மினியாப்பொலிஸ் குழு வருடக்கணக்கில் அதற்காகவே பழகியது. அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது. அருகில் அப்படி ஒரு மையம் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

சரி, எதைத் தேர்வது?

உயிர்ப்பிப்பு வழிகாட்டிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேசக் குழுவான இல்கோர் 2023இல், மூன்று ஷாக்குக்குப் பிறகும் வி.எஃப். தொடர்ந்தால் இரட்டை ஷாக்கையோ பேட் மாற்றத்தையோ பரிசீலிக்கலாம் என்று சொன்னது. சான்று வலு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஐரோப்பிய வழிகாட்டி, இரட்டை ஷாக்கை ஆய்வுக்கு வெளியே செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தது. அந்த அளவுக்கு ஓர் ஆய்வு காற்றைத் திருப்பிவிட்டது.

என் கணக்கு இப்படி. மூன்று வழிகளில் மோசமானது, தோற்ற இடத்திலேயே நான்காவது முறையும் கொடுப்பது. அதற்கு ஆதரவாகச் சொல்ல எஞ்சியிருப்பது பழக்கம் ஒன்றுதான். மற்ற இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்க்க வேண்டாம். இரட்டை ஷாக்குக்கு ஒட்டும் இரண்டாவது ஜோடி பேட்டும் இடம் மாற்ற ஒட்டும் பேட்டும் ஒட்டுவது ஒரே இடத்தில். ஆகவே இரண்டாவது ஷாக் தோற்றதும் முன்பின் பேட்டைத் தயார்செய், மூன்றாவது தோற்றதும் ஒட்டு. அந்த நேரத்தில் இரண்டாவது கருவி அறைக்குள் இருந்தால் அதை அந்தப் பேட்டில் மாட்டி இரட்டையாகக் கொடு. இல்லையென்றால் இருக்கும் கருவியின் வயரை அதில் மாட்டிக் கொடு. பிறகு கருவி வந்து சேர்ந்தால் ஐந்தாவதோ ஆறாவதோ இரட்டையாகட்டும். இரண்டாவது கருவிக்காக ஒரு ஷாக்கைக்கூடத் தள்ளிவைக்காதே. பேட் வகை இரண்டு கருவிக்கும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஒரு நிறுவனத்தின் கருவி, தீயணைப்பு வண்டியில் வேறொன்று என்றால் பிளக் பொருந்தாது. அப்படியானால் அந்தந்தக் கருவியின் பேட்டையே ஒட்ட வேண்டும், அதற்கும் பயிற்சியில் இடம் வேண்டும்.

பணம் குறைவாக உள்ள சேவை எங்கே செலவழிக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டாவது கருவியில் அல்ல, உருட்டி ஒட்டும் பயிற்சியில். சிபிஆர் நிற்கும் நேரத்தைப் பத்து விநாடிக்குள் அடக்கக் கற்றுக்கொள்ளாத குழுவுக்கு எந்தப் பேட் அமைப்பும் பெரிதாக உதவப்போவதில்லை. இரண்டாவது வண்டி எப்படியும் வரும் நகரங்கள் மட்டும் இரட்டை ஷாக்கை எழுத்துவடிவ நெறியாகவே கொண்டுவரலாம்.

இதைப் படித்துவிட்டு, மாலிலோ விமான நிலையத்திலோ சுவரில் தொங்கும் இரண்டு ஏஇடியை எடுத்து ஒரே ஆளுக்கு ஒட்டிவிடாதீர்கள். அவை தாமாகத் துடிப்பை அலசும் கருவிகள், ஒன்றின் அலசலை மற்றது கெடுக்கும். ஒன்றே போதும், படத்தில் காட்டிய இடத்தில் ஒட்டி, அது சொல்வதைச் செய்து, நடுவில் விடாமல் அழுத்திக்கொண்டிருங்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்ததும் எத்தனை ஷாக் போயிற்று என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஜோடி பேட்டை எப்போது பிரிப்பது என்று அவர்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.